நோக்கோலாய் முளைத்த கோவா

பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். "டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க. நீங்க குடுத்த கோவாவுக்குக் காலு வீங்கியிருக்கு."

போய்ப் பார்த்தேன். முப்பது செடி இருக்கும். எல்லாவற்றிலும் தண்டு மண்ணுக்கு மேலே பச்சைப் பந்து மாதிரி திரண்டுகொண்டிருந்தது. நோக்கோல். கோவா, அதாவது முட்டைக்கோஸ், என்று சொல்லி அந்த நாற்றைக் கொடுத்தவள் நான்தான். "பரவாயில்ல, நோக்கோலும் கறிதானே" என்றார் மாமா. அவருக்கு நோக்கோல் வாடையே ஆகாது என்று மாமி பிறகு தனியாகச் சொன்னார்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். கோவா, நோக்கோல், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாம் செடிநூல் கணக்கில் ஒரே இனம். ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. நாற்று நாலு இலை விடும் வயதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். அதனால்தான் ஒவ்வொரு தட்டிலும் யோகட் கப்பை வெட்டி, மார்க்கரால் பெயர் எழுதிக் குத்தியிருந்தேன். அழியாத மை என்று அந்த மார்க்கரிலேயே போட்டிருந்தது. ஆறு வாரத்தில் நாலு தட்டிலும் நாலு வெள்ளைத் துண்டு நின்றது. ஒன்றில் மட்டும் 'கோ' மிச்சம். அது கோவாவா, காலிஃபிளவரைக் கோலி என்று எழுதும் என் பழக்கமா, அதுகூடத் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கொடுத்தேன். அது நோக்கோலாக முளைத்தது.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், நானுஓயாவுக்கும் லிந்துலைக்கும் இடையில். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து தனி வீட்டுக்கு வந்தபோது கிடைத்த ஏழு பேர்ச் காணி. சதுர மீற்றரில் சொன்னால் 177. வீடு, படி, கான், தண்ணீர் டாங்கி எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் தோட்டம். 2022இல் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாட்களில் அம்மாவும் நானும் அதைக் கொத்தத் தொடங்கினோம். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று சொன்ன காலம் அது. இடம் கொஞ்சம், ஆசை நிறைய. அதனால் லீக்ஸ், கேரட், பீட்ரூட், ராபு, போஞ்சி என்று எல்லாவற்றிலும் ஒரு முழம், இரண்டு முழம். பெரிய தோட்டக்காரனுக்கு ஒரு ஏக்கரும் ஒரே பயிர், அவனுக்கு லேபல் தேவையில்லை. எங்களைப் போல கையகல இடத்தில் பதினேழு சாமான் நடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

கடையில் விற்கும் லேபல்களும் இருக்கின்றன, தெரியும். வாங்கியும் பார்த்தேன். ஆனால் அதிலும் எழுதப்போவது அதே மார்க்கரால்தானே.

இந்த மார்க்கர் விஷயத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொண்ட பிறகுதான் எனக்குப் பாதை தெரிந்தது. சாதாரண மார்க்கரில் இருப்பது சாயம். தண்ணீருக்கு அது தாக்குப்பிடிக்கும், வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தை உடைத்துவிடுகிறது. எங்களுக்குக் குளிர் ஊர் என்ற நினைப்பு. ஆனால் உயரம் கூடக் கூட இந்தக் கதிரும் கூடும், ஆயிரம் மீற்றருக்குப் பத்து சதவீதம் அளவில். நுவரெலியா 1,868 மீற்றர். மப்பு விலகி வெயில் விழும் நாளில் கன்னம் எரிவது அதனால்தான். வருசக் கணக்கில் கொழுந்து பறித்த அம்மாவின் புறங்கையைப் பார்த்தால் சொல்லாமலே விளங்கும்.

சரி, 2023 மே மாதம் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் பின்வேலிக் கம்பியில் ஒரு வரிசை கட்டினேன். வீட்டில் கிடந்த எல்லா வகையிலும் ஒன்று. ஒவ்வொன்றிலும் 'கோவா' என்றே எழுதினேன், ஒரு ஞாபகத்துக்கு. செப்டம்பர் வரைக்கும் கைவைப்பதில்லை என்று முடிவு.

ஐஸ் பழக் குச்சி முதல் மாதமே கறுத்தது. மீன் டின் தகரம் துருப்பிடித்து, துருவே எழுத்தைத் தின்றது. யோகட் கப் துண்டில் மை போனது மட்டுமில்லை, பிளாஸ்டிக்கும் போனது. கையில் எடுத்தபோது அப்பளம் மாதிரி உடைந்தது. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அது பொலிஸ்டைரீன், வெயிலுக்கு ஆகாது. ஐஸ்கிரீம் டப்பா மூடியில் 5 என்று இருக்கும். அது பொலிப்ரொப்பிலீன், இன்னும் வளைகிறது. அதற்கும் வெயில் பிடிக்காதுதான், ஆனால் தடிப்பாக இருப்பதால் சமாளிக்கிறது. ஷாம்பு போத்தலில் 2 என்று இருக்கும், அதுவும் பரவாயில்லை.

நான் எதிர்பார்க்காதது பென்சில். ஐஸ்கிரீம் மூடியைச் சேன்ட் பேப்பரால் தேய்த்து, சொரசொரப்பாக்கி, வகுப்பில் பிள்ளைகளிடம் பறிமுதல் செய்த ஒரு 2பி பென்சிலால் எழுதியிருந்தேன். நாலு மாத மழைக்குப் பிறகு எழுதிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. பென்சில் என்பது காரீயம் இல்லை, கிராபைட். கரியின் ஒரு வகை. வெயில் அதை ஒன்றும் செய்யாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் எழுதினால் விரல் பட்டாலே போய்விடும். தேய்த்த இடத்தில் எழுதினால் கிராபைட் அந்தச் சின்னச் சின்னக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இருபது ரூபாப் பென்சில் செய்ததை முந்நூறு ரூபா மார்க்கர் செய்யவில்லை.

தயிர்ச் சட்டி ஓடும் ஒன்று தொங்கியது. ஆணியால் கீறியிருந்தேன். அதில் பாசி பிடித்து எழுத்தே தெரியவில்லை. ஆனால் பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் ஒரு தேய், அடியில் 'கோவா' அப்படியே இருந்தது. கீழடியில் எடுத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்று இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய பெயர் இருக்கிறதே, அதுவும் மையால் எழுதியது இல்லை, கீறியதுதான். அன்றைக்கு வேலியடியில் நின்றுகொண்டு நினைத்தேன்: பூசுகிறதை விட்டுவிட்டுக் கீறுகிறதற்கு மாற வேண்டும்.

ஐஸ்கிரீம் மூடியில் இப்போது நான் செய்வது இதுதான். கொம்பஸ் ஊசியால் எழுத்தைக் கீறுகிறேன். விறகடுப்புச் சட்டியின் அடிக்கரியை இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மேலே தேய்க்கிறேன். கடதாசியால் துடைத்தால் மேலே உள்ளது போய், கீறலுக்குள் உள்ளது மட்டும் கறுப்பாக நிற்கும். ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக் கரி தடவிய அதே வேலை. எங்கள் தாத்தாவைக் கப்பலேற்றியவர்கள் ஏடு எதையும் கொண்டுவரவிடவில்லை என்றாலும் வித்தை எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் விட நின்றது அலுமினியம். குளிர்பான டின், பியர் டின். முதலில் காந்தம் வைத்துப் பார்ப்பது நல்லது, ஒட்டினால் அது இரும்புத் தகரம், வேண்டாம். அலுமினியம் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டவுடனே மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டாகி, அதுவே உள்ளே உள்ளதைக் காக்கிறது.

டின் சேர்த்த கதை ஒன்று உண்டு. சம்பள நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் பாதையோரத்தில் வேண்டிய மட்டும் கிடக்கும். ஒரு பையோடு போய்ப் பொறுக்கினேன். டீச்சர் பியர் டின் பொறுக்குகிறார் என்று கதை அடுத்த டிவிஷன் வரை போய்விட்டது. அப்புறம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார்கள். எந்த வீட்டில் வாரத்துக்கு எத்தனை டின் என்ற கணக்கு எனக்குத் தெரிய வந்தது. அது எனக்குத் தெரிய வேண்டாத கணக்கு. அதோடு அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன்.

வெட்டும் விதம் இது. கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, டின்னின் கழுத்திலும் அடியிலும் பழைய கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட வேண்டும். மிஞ்சும் குழாயை நெட்டாக வெட்டினால் ஒரு தகடு. அது சுருண்டுகொள்ளப் பார்க்கும். மேசை விளிம்பில் வைத்து எதிர்ப்பக்கமாக இரண்டு முறை இழுத்தால் தட்டையாகிவிடும். இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம் என்று துண்டு போடுங்கள். ஒரு டின்னில் எட்டு, ஒன்பது வரும். ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். நாலு பக்கமும் நூலளவு உள்ளே மடித்துக் கரண்டிக் காம்பால் அழுத்திவிட வேண்டும். இந்த மடிப்பை ஒரு தடவை சோம்பலில் விட்டுவிட்டேன், இடது பெருவிரலில் அடையாளம் இன்னும் இருக்கிறது.

எழுதுவது மை தீர்ந்த போல்பொயின்ட் பேனையால். கீழே எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். மேசைமேல் வைத்து எழுதினால் பதியாது. கொப்பி வைத்தால் பரவாயில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பை வைத்து எழுதிப் பாருங்கள், தகடு அமுங்கி, எழுத்து வெண்ணெயில் இழுத்த மாதிரி விழும். மறுபக்கத்தில் புடைத்து நிற்கும். அது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியும், ஆனால் விரலால் தடவலாம்.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தகடு ரொம்ப ஒத்துப்போகிறது. வளைவுகள் சுகமாக ஓடும். 'ழ' எழுதுவதில் ஒரு சந்தோசமே உண்டு. கஷ்டம் புள்ளியில்தான். டின் தகடு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. 'ட்' எழுதிவிட்டு, பழக்கதோசத்தில் பேனையைச் செங்குத்தாக ஒரு குத்துக் குத்தினால் ஓட்டை விழுந்துவிடும். முதல் நாள் 'லீக்ஸ்' எழுதியபோது இரண்டு ஓட்டை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள் என்று பயிற்சிக் கலாசாலையில் படித்தபோது, என்ன சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இல்லை, குத்தினால் ஏடு கிழியும். அதை இருபது வருசம் கழித்து ஒரு பியர் டின் எனக்கு விளக்கியது. இப்போது நானும் புள்ளி வைப்பதில்லை. என் தோட்டத்தில் 'லீகஸ', 'கேரட', 'பீடரூட' எல்லாம் வளர்கிறது. வகுப்பில் இப்படி எழுதினால் சிவப்புப் பேனையால் சுழிக்கிற அதே ஆள்தான்.

ரோஜா, பெயார்ஸ் மரம், தோடை மாதிரி வருசக் கணக்கில் நிற்பவற்றுக்கு டின் தகடு மெல்லிசு. காற்றில் ஆடி ஆடி ஓட்டை விழுந்த இடத்தில் கிழிந்துவிடும். அவற்றுக்கு அட்டனில் ஓர் அச்சகத்தில் அச்சடித்து முடிந்த அலுமினியப் பிளேட்டைப் பழைய விலைக்கு வாங்கினேன். தடிப்பு கூட. ஒரு பிளேட்டில் என் தேவைக்கு மேல் வந்தது, மிச்சம் பாடசாலைத் தோட்டத்துக்குப் போனது. முன்பக்கத்தில் யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழ் மங்கலாகத் தெரியும். எங்கள் பெயார்ஸ் மரத்தின் லேபலைத் திருப்பினால் 'சுபமுகூர்த்தம்' என்று இருக்கிறது. மரம் இன்னும் காய்க்கவில்லை.

கட்டுவதில் ஒரு பிழை செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். வயரிங் வேலையில் மிஞ்சிய செப்புக் கம்பியை உரித்துத் தகட்டில் கோர்த்துக் கட்டினேன். பளபளவென்று நன்றாக இருந்தது. அடுத்த வருசம் பார்த்தால் ஓட்டையைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரித்துப்போயிருந்தது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நனைந்தால் பற்றரி மாதிரி வேலை நடக்கும், கரைவது அலுமினியம். கம்பியை உரிக்காமல் பிளாஸ்டிக் உறையோடு கட்டினால் ஒன்றும் ஆகாது. நான் இப்போது பழைய டெலிபோன் வயருக்குள் இருக்கிற மெல்லிய வயர்களை எடுக்கிறேன். நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம் என்று சோடி சோடியாக வரும். கிழங்கு வகைக்கு மண்ணிறம், கீரைக்குப் பச்சை. மரத்தில் கட்டும்போது கை நுழைகிற அளவு வளையம் விட்டுக் கிளையில் தொங்கவிட வேண்டும். தண்டில் இறுக்கிக் கட்டினால் மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி அதன் கழுத்தை நெரித்துவிடும்.

பாத்திக்குக் குச்சி வேண்டும். மூங்கில் மண்மட்டத்தில் உழுத்துவிடும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத் தோல் சீவிக் காயவைத்தால் நல்ல வைரம், இரண்டு வருசம் நிற்கிறது. ஒரு முறை அவசரத்துக்கு முள்முருங்கைக் குச்சியைப் பச்சையாகவே வெட்டித் தக்காளிக்கு லேபல் குத்தினேன். தக்காளி வெளிறல் நோயில் போனது, குச்சி துளிர்த்தது. இப்போது வேலியோரம் முள்முருங்கை மரம் ஒன்று 'தக்காளி' என்ற லேபலோடு நிற்கிறது. எடுக்க மனமில்லை.

இவ்வளவையும் செய்துவிட்டுப் பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒன்றை எடுத்து, கையை நீட்டி, தூரத்தில் வைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டாத்தான்டி தெரியும். மண்ணு கொத்தப் போறவ கண்ணாடி போட்டுக்கிட்டா போவா?"

சரிதானே. என் தோட்டத்தில் என்னைவிட அதிக நேரம் நிற்பவர் அம்மா. காலை ஆறு மணிக்குப் பனி மூட்டத்தில் களை பிடுங்குகிறவரும் அவர்தான். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்றேன். அம்மா பதில் சொல்லாமல் கத்தரிக்கோலை வாங்கி, கோவாத் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, நோக்கோலில் இரண்டு, காலிஃபிளவரில் மூன்று என்று முக்கோணமாக நறுக்கிவிட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவி, "கோவா, நோக்கோலு, பூக்கோவா" என்று ஒப்பித்தார். எழுபது வயதில் என்னைக் கிண்டல் செய்வதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. புரோக்கோலிக்கு வெட்டு இல்லை. "அது வெளிநாட்டுக்காரன் சாமான், நீயே பாத்துக்க."

அப்பா இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பார். அவர் கடைசி ஒன்பது வருசம் தேயிலை நர்சரியில் வேலை செய்தார். ஒரு கணு, ஓர் இலை என்று வெட்டிக் கறுப்புப் பையில் ஊன்றி, ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும். எல்லாம் ஒரே பச்சை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களுக்குப் பெயரே கிடையாது, எண்தான். டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று. பலகை இல்லாவிட்டால் 2025 எது, 2026 எது என்று என் கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே ஒரு பலகை மழையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், கணக்கப்பிள்ளை வந்து புத்தகத்தைப் பார்க்கும்வரை யாரும் தூக்கி நடக்கூடாது என்று அப்பா சொல்வார். தவறான எண் மலைக்கு ஏறிவிட்டால் ஐம்பது வருசம் அங்கேயே நிற்கும். எனக்கு நோக்கோல் ஒரு போகத்தோடு போனது.

அந்தப் புத்தகத்தை மட்டும் நானும் எடுத்துக்கொண்டேன். எண்பது தாள் கொப்பி. தகட்டில் பெயரும் ஓர் எண்ணும் மட்டும். விதை எங்கே வாங்கியது, என்றைக்குப் போட்டது, எத்தனை முளைத்தது எல்லாம் கொப்பியில் அந்த எண்ணுக்கு நேரே. தகட்டில் திகதி எழுதினால் அடுத்த போகத்துக்கு அது குப்பை. எண் இருந்தால் கொப்பியில் புதிய வரி எழுதிவிட்டு அதே தகட்டைக் குத்தலாம். பிளாஸ்டிக்கில் பென்சில் எழுத்தை அழித்து எழுதவும் முடியும், நாற்றுத் தட்டுக்கு அதனால் இன்னமும் பென்சில்தான். தகடு மாதக் கணக்கில் நிற்பவற்றுக்கு.

போன வாரம் மாமா மறுபடி வந்தார். மழைக்கு முன்னால் ஒரு பாத்தி கோவா போட வேண்டும், நாற்று இருக்கிறதா என்று கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. இருபத்தைந்து நாற்றைப் பிடுங்கி வாழை மட்டையில் சுற்றி, மேலே நீல வயரில் ஒரு தகட்டையும் கட்டிக் கொடுத்தேன். எழுத்து, எண், ஓரத்தில் ஒரு வெட்டு. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். எழுத்து போகவில்லை.

"இது நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். "உள்ள இருக்கிறது கோவாதானே?"

தட்டில் எழுதியிருந்ததை இரண்டு முறை பார்த்துத்தான் பிடுங்கினேன். இன்னும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.